ஸ்டாப் மோஷன் குறும்படம் (மாணவர் செயல்திட்டம்)

ஸ்டாப் மோஷன் என்பது அசையாப் பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் தனித்தனிப் படமாக எடுத்து, அவற்றை வரிசையாக ஓட்டிக் காட்டும் அசைவூட்ட முறையாகும். இந்தியாவில் இதற்கு முன்னோடி தாதாசாகேப் பால்கே. 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவருவதற்கு முன்பே, பட்டாணி முளைத்துச் செடியாவதை இவ்வாறு சிறிது சிறிதாகப் படமெடுத்துக் காட்டினார். பின்னர் தீக்குச்சிகளையும் ஆடவைத்தார்.

கண்ணுக்குப் புலப்படாத மெதுவான மாற்றத்தைக் காட்ட இம்முறை மிக ஏற்றது. வடசென்னை மாணவர்களுக்கு அத்தகைய கதை வீட்டருகிலேயே உள்ளது: அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து எண்ணூர்க் கழிமுகம் மேடாவது. நீல அட்டை, களிமண் படகு, இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கிச் சலித்த கரிச்சாம்பல் போதும். (கழிமுகத்துச் சாம்பலை அள்ளி வரக் கூடாது, அதன் நுண்துகள் நுரையீரலுக்குக் கேடு.) படத்துக்கு ஒரு சிட்டிகை தூவி, படகைச் சற்றே நகர்த்த வேண்டும். படகு தரைதட்டும்போது கதை முடிந்தது. வசனம் தேவையில்லை.

திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடும். ஒரே படத்தை இரு சட்டங்களுக்கு வைத்தால் நொடிக்கு 12 படங்கள், நிமிடத்துக்கு 720. படத்துக்கு அரை நிமிடம் என்றாலும் 6 மணி நேரம் ஆகும். முதல் முயற்சிக்கு ஒரு நிமிடப் படமே போதும்.

கைபேசியை இரு செங்கற்களுக்கு நடுவே அசையாமல் நிறுத்தலாம். சன்னல் வெளிச்சத்தை நம்பக் கூடாது. மேகம் கடந்தாலே படம் மினுக்கும். சன்னலை மூடி, ஒரே விளக்கில் எடுக்க வேண்டும். கைபேசியின் வெளிச்ச அளவையும் குவியத்தையும் மாறாதபடி பூட்டிவைக்க வேண்டும். மின்விசிறி கூடாது, சாம்பல் பறக்கும். வியர்வையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.