முகமும் முகதாட்சிணியமும்

திருச்சபையில் பிணக்குகள் எழுவது புதிதன்று. ஆயினும், பிணக்கின் பொருளைக் காட்டிலும் அது பேசப்பட்ட முறையே பெரும் பிளவுக்குக் காரணமாகிவிடுவதை ஆயர் பணியிலிருப்போர் யாவரும் அறிவர். கணக்கைப் பற்றியோ கல்லறை நிலத்தைப் பற்றியோ தொடங்கிய வாக்குவாதம், சில நாட்களில் "அத்தனை பேருக்கு முன்பாக என்னைக் கேட்டுவிட்டானே" என்னும் மனத்தாங்கலாக மாறிவிடுகிறது. அதன்பின் கணக்கைக் காட்டினாலும் பகை தீர்வதில்லை. இம்மாற்றம் ஏன் நிகழ்கிறது, இதில் ஆயரின் பொறுப்பு யாது என்பவற்றை இங்குச் சிந்திப்போம்.

1. முகம் என்பது யாது?

தமிழில் முகம் என்பது உடலுறுப்பை மட்டும் குறிப்பதன்று. "முகங்கொடுத்துப் பேசவில்லை", "எந்த முகத்தோடு அங்கே போவேன்", "முகத்தை முறித்துக்கொள்ளாதே" என்றெல்லாம் வழங்குகிறோம். இவ்விடங்களில் முகம் என்பது பிறர் முன்னிலையில் ஒருவருக்குள்ள மதிப்பாகும். சீன மக்களிடையே இக்கருத்து இன்னும் நுட்பமாக அமைந்துள்ளது. ஒருவருடைய ஒழுக்கத்தின்மேல் சமுதாயம் வைக்கும் நம்பிக்கையை 'லியென்' என்றும், அவர் வெற்றியாலும் பதவியாலும் ஈட்டும் புகழை 'மியென்-ட்சு' என்றும் அவர்கள் வேறுபடுத்துவதை ஹூ சியென்-சின் என்னும் மானிடவியலார் 1944இல் விளக்கினார்.

1955இல் எர்விங் காஃப்மன் என்னும் சமூகவியலார், முகம் ஒருவரின் தனியுடைமையன்று, ஒவ்வொரு சந்திப்பிலும் பிறர் அவருக்கு வழங்கும் கடன் போன்றது என்னும் கருத்தை முன்வைத்தார். ஆகவேதான் நம் முகத்தை நாம் மட்டும் காத்துக்கொள்ள இயலாது. எதிரிலிருப்பவரும் ஒத்துழைக்க வேண்டும். பெனலப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவரும் பணிவு மொழியைப் பற்றி 1978இல் வெளியிட்ட ஆய்வு, மெக்சிக்கோவிலுள்ள மாயா இனத்தாரின் பேச்சையும் ஆங்கிலத்தையும் மட்டுமன்றி, கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தமிழ்ப் பேச்சையும் ஆதாரமாகக் கொண்டது என்பது நாம் கருதத்தக்கது.

2. பண்பாடும் பேச்சு முறையும்

எட்வர்டு ஹால் 1976இல் வெளியிட்ட நூலில், பண்பாடுகளின் தொடர்பு முறைகளை ஒப்பிட்டார். சில பண்பாடுகளில் கருத்து முழுவதும் சொல்லிலேயே அடங்கியிருக்கும். வேறு சிலவற்றில் சொல்லைவிடச் சூழலே மிகுதியாகப் பேசும். உறவு, வயது, இடம், மௌனம் ஆகியவை பொருளைத் தாங்கி நிற்கும். நம் ஊர்களில் "பார்க்கலாம் ஐயா" என்பது பல வேளைகளில் மறுப்பேயாகும். மருமகளுக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சாடையாகச் சொல்வதும் இத்தகையதே. ஹாங்காங்கில் பிறந்த ஸ்டெல்லா டிங்-டூமி 1980களில் இவ்வாராய்ச்சியைப் பிணக்குகளுக்குப் பொருத்தினார். தனிமனிதரை முதன்மைப்படுத்தும் பண்பாட்டினர் தம் முகத்தைக் காக்க நேரடியாக மோதும் போக்குடையவர்; கூட்டு வாழ்வைப் போற்றுவோர் பிறர் முகத்தையும் எண்ணி, விலகியோ விட்டுக்கொடுத்தோ இடையாள் வழியாகவோ செல்லும் போக்குடையவர் என்பது அவர் கருத்து. இவை பொதுப் போக்குகளேயன்றிச் சட்டங்கள் அல்ல. ஒரே குடும்பத்தில் இருவகையினரும் இருப்பதுண்டு.

3. யாக்கோபின் வெகுமதி

ஆதியாகமம் 32:20இல், ஏசாவைச் சந்திக்க அஞ்சிய யாக்கோபு மந்தைகளை முன்னே அனுப்புகிறான். அவ்வசனத்தின் எபிரெய மூலத்தில் 'முகம்' என்னும் சொல் நான்கு முறை வருகிறது. மொழிபெயர்ப்பில் இது முழுமையாகப் புலப்படுவதில்லை. தன் முகத்துக்கு முன்னே செல்லும் காணிக்கையால் அண்ணன் முகத்தை மூடி, பின் அவன் முகத்தைக் கண்டால், அவன் தன் முகத்தை உயர்த்தக்கூடும் என்பது யாக்கோபின் எண்ணம். 'மூடுதல்' எனும் இவ்வினையே பாவநிவிர்த்திக்கும் வழங்குவது. யாக்கோபு தன் வழக்கை வாதிக்கவில்லை. ஏழு முறை தரைமட்டும் குனிந்து, தான் இழிவுபடுத்திய அண்ணனுக்கு மதிப்பைத் திருப்பிக் கொடுக்கிறான். எனவே முகத்தைக் காத்தல் போலித்தனம் என்று ஒதுக்கத்தக்கதன்று. ஒப்புரவின் மொழியாக அது விளங்கக்கூடும்.

4. யாருடைய முகம்?

ஆயினும் 'முகத்தை உயர்த்துதல்' எனும் அதே எபிரெயத் தொடரே லேவியராகமம் 19:15இல் நியாயத்தீர்ப்பில் பாரபட்சம் காட்டுவதைக் குறித்து, விலக்கப்படுகிறது. முகதாட்சிணியம் என்று நாம் சொல்வது இதுவே. அருளும் அநீதியும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன.

இதை நாம் தவறு செய்தே கற்றோம். பல ஆண்டுகளுக்குமுன் நாம் பணியாற்றிய சேகரம் ஒன்றில், பொதுக்கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து கணக்குக் கேட்டார். பொறுப்பிலிருந்த பெரியவர் அவருடைய குடும்பத்தையும் குலத்தையும் சுட்டி, கேட்க நீ யார் என்றார். மூப்பர்கள் எம்மிடம், "பெரியவர் முகத்தைப் பார்த்து விட்டுவிடுங்கள் ஐயா" என்றனர், நாமும் உடன்பட்டோம். பின்னர்ப் பெரியவரின் நண்பர் ஒருவரோடு அவர் வீட்டுக்குச் சென்று பக்குவமாகப் பேசினோம். கணக்கும் வந்தது, அந்த இளைஞரைப் பற்றி வருத்தமும் தெரிவித்தார். வழி வெற்றியடைந்தது என மகிழ்ந்தோம். ஆனால் இளைஞர் மீண்டும் ஆலயத்துக்கு வரவேயில்லை. சபை நடுவே பறிக்கப்பட்ட அவருடைய முகம், ஒரு வீட்டுத் திண்ணையில் எப்படித் திரும்பக் கிடைக்கும்?

5. ஆயருக்குரிய வழி

மத்தேயு 18:15-17 கூறும் படிமுறை இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. முதலில் தனிமையில், பின் ஓரிருவரோடு, இறுதியில் சபையில் என்னும் ஒழுங்கு, தவறியவரின் முகத்தைக் காத்து அவரைச் சகோதரராகத் திரும்பப் பெறும் நோக்குடையது. நம் மக்களின் இடையாள் மரபும் இதற்கு ஏற்றதே. ஆகவே, எதையும் சபை நடுவே போட்டு உடைப்பதே நேர்மை என எண்ண வேண்டுவதில்லை.

ஆனால் கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில், பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்கிறார். அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாருடைய பந்தியை விட்டு விலகியது ஊரறிய நிகழ்ந்தது. அவமதிக்கப்பட்டோர் அவ்வெளிய விசுவாசிகள். அந்த அவமதிப்பைத் தனிமையில் பேசி முடித்திருந்தால், பேதுருவின் முகம் மட்டுமே காக்கப்பட்டிருக்கும்.

ஆகவே, பிணக்கைத் தீர்க்கச் செல்லுமுன் ஆயர் தம்மைக் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு. யாருடைய முகத்தை நாம் காக்கப் புறப்படுகிறோம்? யாருடைய முகம் ஏற்கெனவே சபை நடுவே பறிக்கப்பட்டுவிட்டது? தனிமையில் தவறியவரைத் தனிமையில் திருத்துவோம். சபை நடுவே ஒருவர் தாழ்த்தப்பட்டிருப்பின், சபை நடுவிலேயே அவரை உயர்த்துவோம். அதற்காக நம் முகம் சிறிது வாடினாலும் வாடட்டும்.