விளையாட்டரங்கும் வடிகால் வசதியும்

நவி மும்பையில், சான்பாடாவிற்கு அருகேயுள்ள நெருள் பகுதியில் டி. ஒய். பாட்டீல் விளையாட்டரங்கம் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பார்வையாளர் பகுதியில் கூரையைத் தாங்கும் தூண்கள் இல்லை. ஆதலால் ஆட்டம் எவருக்கும் மறைவதில்லை. ஆயினும், இத்தகைய நவீன அரங்குகளின் இன்றியமையாத வசதி புல்லுக்கு அடியில் உள்ளது. ஆடுதளத்தைத் தார்ப்பாய்கள் காக்க, மைதானத்தின் மணற்பாங்கான அடித்தளம் மழைநீரை விரைந்து வடிகுழாய்களுக்குச் செலுத்துகிறது.

2025 நவம்பர் 2 அன்று இங்கு நடைபெற்ற மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டம் மழையால் சுமார் இரண்டு மணி நேரம் தாமதமாயிற்று. எனினும் ஓவர்கள் குறைக்கப்படவில்லை. தென்னாப்பிரிக்காவை 52 ரன்கள் வித்தியாசத்தில் வென்று, இந்திய மகளிர் முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றனர். வடிகால் ஆடம்பரமன்று, திறமைக்கு முழு வாய்ப்பளிக்கும் அடிப்படைத் தேவையாகும். மாவட்ட அரங்குகளைத் திட்டமிடுவோர் இதனை முதற்கண் கருத வேண்டும்.