அரங்கேற்றமும் ஆய்வேடும்

"பாடத் தெரிந்தவருக்குப் பட்டம் எதற்கு? வித்துவானுடைய பட்டம் அவருடைய சாரீரத்திலன்றோ இருக்கின்றது?" என்று நம் பெரியோர் சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும், ஓர் இசைமாணவர் கற்க வேண்டியவற்றைக் கற்று முடித்தார் என்பதை யார் தீர்மானிப்பது, எவ்வாறு தீர்மானிப்பது என்னும் வினா நேற்று இன்று தோன்றியதன்று. விடை தேடுவோர் முதலிற் புரட்ட வேண்டிய ஏடு சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையாகும்.

மாதவி ஏழாண்டுகள் பயின்று, தன் பன்னிரண்டாம் வயதிலே சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறினாள். இளங்கோவடிகள் அவளுடைய ஆடலைப் புகழ்வதோடு அமையவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், நன்னூற் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகிய அறுவருக்கும் இருக்க வேண்டிய தகுதிகளை ஒவ்வொன்றாகக் கூறுகின்றார். அரங்கின் அளவையும் விட்டாரல்லர்: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல், ஒரு கோலுக்கு 24 விரல். முடிவிலே தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் மாதவிக்குக் கிடைக்கின்றன. பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளையின் தகுதியைக் காட்டிலும் கற்பித்தவர்களின் தகுதி விரிவாகப் பேசப்படும் பரீட்சை வேறெங்கேனும் உண்டோ? ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு அப்பகுதியைப் படிக்குந்தோறும் நெஞ்சு சற்றே துணுக்குறுகின்றது.

மேனாட்டு முறை வேறு. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் முற்காலத்தே இசைப்பட்டம் வேண்டியவர், பல குரல்கள் சேர்ந்து பாடுதற்குரிய உருப்படியொன்றைப் புதிதாக இயற்றி, அதனைப் பலரறியப் பாடுவித்தல் வேண்டும். இசை வரலாறு எழுதிப் புகழ்பெற்ற சாள்ஸ் பேர்ணி 1769 ஆம் ஆண்டில் இவ்வாறு ஒரு தோத்திர இசையை அரங்கேற்றிக் கலாநிதியானார். 1791 இல் அதே பல்கலைக்கழகம் ஜோசப் ஹெய்டனுக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. கௌரவப் பட்டமாகையால் சோதனை இல்லை. செலவு மாத்திரம் இருந்தது. மணியடித்தவர்களுக்கு ஒன்றரைக் கினியும் அங்கிக்கு அரைக் கினியும் கொடுத்ததாக அம்மேதை தம் குறிப்பேட்டிலே கணக்கெழுதி வைத்தார். பட்டமளிப்பு அங்கிக்குப் பணம் கட்டி முணுமுணுக்கும் நம் மாணவர் ஆறுதலடையலாம்.

இக்காலத்திலே கலாநிதிப் பட்டத்தின் இறுதித் தேவை பெரும்பாலும் ஆய்வேடும் அதனையொட்டிய வாய்மொழிப் பரீட்சையுமே. நாம் கண்டவரை, மாணவர் தளர்வது தொடக்கத்திலன்று, இவ்விறுதிப் படியிலேதான். பாடங்கள் முடிந்துவிடும்; எழுத்துப் பரீட்சைகள் தேறிவிடும்; ஆய்வேடு மாத்திரம் அரைகுறையாக அலுமாரிக்குள் உறங்கும். உத்தியோகம் வரும், விவாகம் வரும், கோயில் திருவிழாக் கச்சேரிகள் வரும். சோம்பலென்று இதனைத் தள்ளிவிடல் ஆகாது. தோடியின் காந்தாரத்தைப் பத்து வயதுச் சிறுமி குருவின் வாயைப் பார்த்தே பாடிவிடுகின்றாள். அக்காந்தாரம் எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் அசைகின்றது, அசையாது நின்றால் ஏன் அது தோடியாகாது என்று, தோடியைக் கேட்டேயறியாத ஒருவருக்கும் விளங்குமாறு எழுதச் சொன்னால் பெரிய வித்துவான்களும் பேனாவைக் கீழே வைத்துவிடுவர். காது அறிந்ததைக் கை எழுதுவது எளிதன்று.

அதனை எழுதி முடித்தவர் இருவரை இங்கே நினைவு கூர்தல் தகும். ஒருவர் எஸ். இராமநாதன். 1917 இற் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை பயின்றவர். பல்லாண்டு பாடியும் கற்பித்தும் பெயர் பெற்றபின், ஐக்கிய அமெரிக்காவிலே கனெற்றிக்கட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற்கு 1974 ஆம் ஆண்டில் ஆய்வேடு சமர்ப்பித்தார். அப்பொழுது அவருக்கு வயது 57. எடுத்த பொருள் யாது? சிலப்பதிகாரத்து இசையே! 1979 இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதனை நூலாக வெளியிட்டது.

மற்றவர் புல்லாங்குழல் விற்பன்னர் தி. விஸ்வநாதன்; வீணை தனம்மாளின் பேரர், பாலசரஸ்வதியின் தம்பி. அவர் 1975 இல் அதே பல்கலைக்கழகத்திலே இராக ஆலாபனையைப் பற்றி ஆய்வேடு எழுதினார். எழுதி வைக்கப்படாமையே ஆலாபனையின் இயல்பாயிருக்க, அதனையே பொருளாக எடுத்த துணிவை என்னென்பது! அவரிடம் இசை பயின்ற அமெரிக்கரான ஜோன் ஹிக்கின்ஸ், நம்மவர் 'பாகவதர்' என்றழைத்து மகிழ்ந்தவர், 1973 இலேயே அங்கு பட்டத்தை முடித்துவிட்டார். சீடனுக்கு இரண்டாண்டு பின்னரே குரு கலாநிதியானார். அதனாற் குருவின் மதிப்பு ஒரு மாற்றேனும் குறைந்ததாக எவரும் கருதியதில்லை.

ஒரு வேடிக்கை. நம் நாட்டிலே 'கலாநிதி' என்றால் ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றவர். சென்னை மியூசிக் அக்கடமியில் 'சங்கீத கலாநிதி' என்றாலோ மேடையில் முதிர்ந்த வித்துவான். இராமநாதன் 1985 இலும் விஸ்வநாதன் 1988 இலும் அவ்விருதைப் பெற்றார்கள். ஆகவே இவர்கள் இருவழியாலும் கலாநிதிகள்.

இராமநாதன் எடுத்த அதே சிலப்பதிகார இசையை அவருக்கு முன்னர் ஆராய்ந்தவர் காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள். யாழ் நூல் எந்தப் பட்டத்திற்காகவும் எழுதப்பட்டதன்று. எனினும் அதற்கும் ஓர் அரங்கேற்றம் உண்டு: 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரிலே புலவரும் இசைவாணரும் கூடியிருந்த அவையில் அது நிகழ்ந்தது. அடுத்த மாதம் 19 ஆந் திகதி அடிகள் மறைந்தார். அந்நூலின் பின்னால் நின்றது ஏறக்குறையப் பதினான்கு ஆண்டு உழைப்பு.

ஐக்கிய அமெரிக்காவிற் கச்சேரி செய்வோருக்கென்றே வேறொரு கலாநிதிப் பட்டமும் உண்டு. அதற்குப் பல கச்சேரிகள் செய்து, அவற்றுள் ஒன்றை விளக்கவுரையோடு நிகழ்த்தி, ஆய்வுரையும் எழுதுதல் வேண்டும். நம் மனம் அம்முறையின்பாற் சாய்கின்றது. இசையாராய்ச்சி செய்யும் ஒருவரை இரண்டு மணி நேரம் வினவிவிட்டு, ஒரு வரியேனும் பாடச் சொல்லாது அனுப்புவது எவ்வாறு பொருந்தும்? வாய்மொழிப் பரீட்சை நிகழும் அறையில், மேசை நாற்காலிகளோடு சுருதி கூட்டிய தம்புரா ஒன்றும் இருக்கட்டும். தோடியின் காந்தாரத்தைப் பற்றி எழுதியவர் அதனைப் பாடியும் காட்டட்டும்.