கணக்குப் புலிக்குப் பங்கு மார்க்கெட்டில் வேலை!

ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது கெலவரப்பள்ளி. அங்கே தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது.

ஆற்றுத் தண்ணீர் கர்நாடகத்தில் இருந்து இங்கே வருகிறது. வேலை தேடும் இளைஞர்களோ இங்கிருந்து பெங்களூருக்குப் போகிறார்கள். ஓசூரில் இருந்து பெங்களூர் சுமார் 40 கிலோ மீட்டர்தான்.

மோட்டார் சைக்கிள் செய்யும் வேலை, லாரி செய்யும் வேலை, கைக்கடிகாரம் செய்யும் வேலை எல்லாம் ஓசூர்க்காரர்களுக்குத் தெரியும். பெங்களூரில் வேறு ஒரு வேலையும் இருக்கிறது. மூலப்பொருள் வெறும் எண்கள்தான். அந்த வேலை செய்கிறவரைக் "குவாண்ட்" என்கிறார்கள்.

அது என்ன வேலை?

அணையில் இரண்டு வேலைகள் உண்டு. எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்து கணக்கிடுவது ஒன்று. எத்தனை மதகை, எந்த நேரத்தில் திறப்பது என்று முடிவு செய்வது மற்றொன்று.

பங்கு மார்க்கெட்டிலும் அப்படித்தான். பழைய விலைகளை ஆராய்ந்து, கணக்குப் போட்டு, வழி கண்டுபிடிப்பவர் ஆராய்ச்சியாளர். பணத்தைப் போட்டு வாங்கி விற்பவர் வியாபாரி.

இந்த இருவருக்கும் பாலமாக இருப்பவருக்குத்தான் இப்போது மதிப்பு அதிகம்.

பகடைக் கணக்கு

இந்த வேலைக்கான நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் கேள்வி ஒன்று:

ஆறு முகம் உள்ள பகடையை உருட்டுங்கள். எந்த எண் விழுகிறதோ, அத்தனை ரூபாய் பரிசு. ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு கட்டணம் கொடுக்கலாம்?

1 முதல் 6 வரை கூட்டினால் 21. அதை 6-ஆல் வகுத்தால் 3 ரூபாய் 50 காசு. அதுதான் சரியான விலை. இது ஆராய்ச்சியாளரின் கணக்கு.

கட்டணம் 3 ரூபாய்தான் என்றால், ஆட்டத்துக்குச் சராசரியாக 50 காசு லாபம். ஆனால், உங்கள் கையில் 6 ரூபாய்தான் இருக்கிறது. ஆசைப்பட்டு ஒரே ஆட்டத்துக்கு இரண்டு சீட்டு வாங்கினீர்கள். விழுந்தது 1! கையில் மிச்சம் 2 ரூபாய். அடுத்த ஆட்டம் ஆடப் பணம் இல்லை!

கணக்கு சரிதான். போட்ட தொகைதான் தவறு. எவ்வளவு போடுவது, எப்போது நிறுத்துவது என்று அறிவது வியாபாரியின் திறமை. இரண்டும் தெரிந்தவர்தான் பாலம்.

பேராசிரியர் வியாபாரி ஆனார்

அமெரிக்காவில் ஜிம் சைமன்ஸ் என்று ஒரு கணிதப் பேராசிரியர் இருந்தார். சங்கேதச் செய்திகளை உடைத்துப் படிக்கும் வேலையும் பார்த்தவர். 1978-ல் கல்லூரி வேலையை விட்டு வியாபாரத்தில் இறங்கினார். 1988-ல் "மெடாலியன்" என்ற நிதியைத் தொடங்கினார்.

மறு ஆண்டே நஷ்டம்! உடனே வியாபாரத்தை நிறுத்தினார்கள். கணக்கைத் திருத்தினார்கள். 1990-ல் 50 சதவீதத்துக்கு மேல் லாபம் வந்தது. சைமன்ஸ் 2024-ல் இறந்தபோது, உலகின் பெரிய பணக்காரர்களில் ஒருவராக இருந்தார்.

மேதைகளும் தோற்றார்கள்

மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் இருவரும் 1997-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்கள். அவர்கள் பங்குதாரர்களாக இருந்த கம்பெனி, சொந்தப் பணத்தைப் போலப் பல மடங்கு கடன் வாங்கி வியாபாரம் செய்தது.

1998 ஆகஸ்டில் ரஷியா கடனைத் திருப்பித் தர முடியாமல் கையை விரித்தது. மார்க்கெட் கலங்கியது. கம்பெனிக்குச் சில மாதங்களில் 400 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்! 14 வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் சேர்ந்து பணம் போட்டுத் தாங்கிப் பிடிக்க நேர்ந்தது.

எப்படித் தேடுவது?

நிகழ்தகவு, புள்ளியியல், கம்ப்யூட்டர் நிரல் எழுதுவது ஆகிய மூன்றும் வேண்டும். சென்னைக்கு அருகே சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம், பெங்களூரில் கிளை உள்ள இந்தியப் புள்ளியியல் கழகம், ஐ.ஐ.டி.கள் ஆகியவை இதற்கு நல்ல இடங்கள். நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும்.

பழைய விலைகளை வைத்து, சொந்தமாக ஒரு கணக்கு செய்து பாருங்கள். புரோக்கர் கட்டணத்தையும் வரியையும் கழியுங்கள். பிறகும் லாபம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் "நிற்கவில்லை" என்று எழுதுங்கள். அந்த நேர்மை நேர்முகத் தேர்வில் கைகொடுக்கும்.

நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் கணக்கை வைத்து யார் வியாபாரம் செய்வார்? நான் அவரோடு பேச முடியுமா?" முடியாது என்றால் அது வெறும் ஆராய்ச்சி வேலை. பாலம் அல்ல.

வீட்டுப் பணம் பத்திரம்!

இந்த வேலையைப் பழகுவதற்காக, அப்பாவின் சேமிப்பையோ அம்மாவின் நகையையோ மார்க்கெட்டில் போடக்கூடாது.

பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் "செபி" 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2021 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான மூன்று நிதி ஆண்டுகளில், பங்குகளை வைத்து முன்பேர வியாபாரம் செய்த தனி நபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டம் அடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்!

லாபம் பார்த்தவர்கள் யார்? கடைசி ஆண்டில் பெரிய கம்பெனிகள் அடைந்த லாபத்தில் பெரும்பகுதி, கம்ப்யூட்டர் கணக்கு மூலம் நடந்த வியாபாரத்தில் வந்தது. அந்தக் கணக்கைப் போடுகிறவருக்கு மாதச் சம்பளம். எதிரே நின்று சொந்தப் பணத்தைப் போடுகிறவருக்கு நஷ்டம்.

"வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு" என்று யாராவது கேட்டால் நம்பாதீர்கள். இந்த வேலைக்குக் கொடுக்க வேண்டிய முன்பணம் படிப்பு ஒன்றுதான்!