ஒழுகுற இடம் வேற... ஓட்டை வேற!

ஐப்பசி பிறந்துவிட்டால் செஞ்சியில் இரண்டு சாமான்களுக்குக் கிராக்கி. குடை, பிளாஸ்டிக் பக்கெட். குடை தெருவுக்கு. பக்கெட் வீட்டுக்குள்ளே!

சிரிக்காதீங்க சார். வாடகை வீட்டு ஆபீஸ்வாசிகளுக்கு இந்த பக்கெட் சங்கீதம் மனப்பாடம். நான் குடியிருந்த வீட்டில் கரெக்டாகக் கட்டிலுக்கு மேலே சொட்டும். ஹவுஸ் ஓனர் தங்கமான மனுஷர். வருஷா வருஷம் மாடியேறி, சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே கொஞ்சம் தார் ஊற்றுவார். அடுத்த மழையில் தாரும் இருக்கும், ஒழுகலும் இருக்கும்.

கடைசியில் ஒரு வயசான மேஸ்திரி வந்தார். தாரைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், தண்ணி திருடன் மாதிரி. பூந்த வழி ஒண்ணு, வெளிய வர்ற வழி ஒண்ணு."

மொட்டைமாடியைக் களிமண்ணால் நாலு பாத்தியாகப் பிரித்தார். ஒரு பாத்தியில் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் காத்திருப்பார். கீழே ஈரம் தெரியவில்லையா? அடுத்த பாத்தி. மூன்றாவதில் திருடன் மாட்டினான்! கட்டிலுக்குப் பன்னிரண்டு அடி தள்ளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் ஒரு விரிசல். அங்கே புகுந்த தண்ணீர், தட்டோட்டுக்கு அடியில் கான்கிரீட் மேலேயே ஊர்ந்து வந்து, மெல்லிய கீறல் கிடைத்த இடத்தில் என் தலைக்கு மேல் இறங்கியிருக்கிறது.

'சொட்டினால் சொட்டட்டும், பக்கெட் இருக்கு' என்று விடுகிற விஷயம் இல்லை இது. கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். துரு, தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் ஏது? அடிப்பக்கத்துக் காரையைப் பிளந்து தள்ளிவிடும். ஒருநாள் சாயந்திரம் வந்து பார்த்தால், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு காரைத் துண்டு என் தலையணையில் படுத்திருந்தது. லீவு போட்டுவிட்டு மத்தியானம் தூங்குகிற பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்!

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது, எங்களுக்குக் கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. ஒரு கணக்குப் போடுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 930 லிட்டர். 50 செ.மீ.க்கு 46,000 லிட்டருக்கு மேல்! வடிகுழாய் வாயில் ஒரு வேப்பஞ்சருகு குவியலும் ஒரு பாலிதீன் பையும் அடைத்துக்கொண்டு 10 செ.மீ. தண்ணீர் தேங்கினாலே 9 டன். இரண்டு யானையை மாடியில் கட்டிப் போட்ட மாதிரி.

மேஸ்திரி வாய்க்கு வாய் சொன்ன வார்த்தை, 'வாட்டம்'. குழாயை நோக்கி பத்தடிக்கு ஒண்ணே கால் இன்ச் சரிவு இருக்கணும். தண்ணீர் நிற்காமல் ஓடினால் சின்ன விரிசல்கூட சாதுவாக இருக்கும். நின்றால், நல்ல தளத்திலும் வழி கண்டுபிடித்துவிடும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய எங்க ஊர்க் கோட்டையைப் பாருங்கள். கல்யாண மகாலின் உச்சி கூம்பு. மழை நினைத்தாலும் அங்கே உட்கார முடியாது!

கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கும் நண்பனிடம் போனில் புலம்பினேன். "உனக்கு மழை, எனக்கு ஐஸ்" என்றான். அங்கே வீட்டு ஹீட்டரின் சூடு மேலே கசிந்து, கூரைமேல் கிடக்கிற பனியை உருக்குமாம். உருகின தண்ணீர் வழிந்து, சில்லிட்டுக் கிடக்கும் இறவாணத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து, அணை மாதிரி நிற்கும். பின்னால் வருகிற தண்ணீர் போக வழியில்லாமல், கூரைத் தகடுகளுக்கு அடியில் புகுந்து ஹாலில் சொட்டும். சூடு மேலே ஏறாமல் பரணில் மெத்தை மாதிரி பஞ்சு அடைப்பதுதான் வைத்தியமாம். ஐஸை உடைக்கிறேன் என்று சுத்தியலோடு ஏறுகிறவர்கள் கூரையையும் சேர்த்து உடைப்பார்களாம். நம்ம தார் டப்பாவுக்கு அண்ணன்!

எங்கள் வீட்டு வேலை பங்குனியில் நடந்தது. ஐப்பசியில் கூப்பிட்டால் எந்தக் கொத்தனாரும் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும் ஈரத் தளத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது. பழைய தட்டோட்டைப் பெயர்த்து, விரிசலை அடைத்து, மூலையை வளைவாகப் பூசி, துருவேறின கம்பியைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி, வாட்டம் பார்த்துப் புது ஓடு பதித்தார்கள். ஒரு குழாய் இருந்த இடத்தில் இரண்டு. வாயில் சருகு போகாமல் ஜல்லடை.

அந்த வருஷ மழைக்குச் சொட்டு விழவில்லை. தை மாசம் ஓனர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, வர்ற மாசத்துலேருந்து வாடகையில ஐந்நூறு சேத்துக் குடுங்க. இப்ப இது ஒழுகாத வீடு!"