கதவு மூடும் வரை
(‘வாசலில் நிற்பவர்கள்’ தொடர் – 11)

விமானப் பணியாளரின் வேலை, அவர் சீருடையோடு விமானத்துக்குள் நுழையும்போதே தொடங்கிவிடுகிறது எனப் பயணியர் எண்ணுவது இயல்பே. ஆயினும் அமெரிக்க, கனடா நாட்டு விமான நிறுவனங்களில் பெரும்பாலானவற்றில் அவருடைய மணிக்கணக்குச் சம்பளம் ஓடத் தொடங்குவது, பயணியர் எல்லாரும் ஏறி அமர்ந்து, கதவு சாத்தப்பட்டு, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும்போதுதான் என்பது நெடுங்கால வழக்கமாயிருந்தது. அவ்வாறு நகரத் தொடங்கியது முதல் சேருமிடத்தில் வந்து நிற்பது வரையுள்ள பொழுதை அத்துறையினர் ‘பிளாக் நேரம்’ என்பர். கதவு திறந்திருக்கும் பொழுதில் செய்யும் வேலை அந்தக் கணக்கில் சேராது.

உணவுத் தள்ளுவண்டியின் கதையும் சீருடையின் கதையும் முந்தைய இதழ்களில் சொல்லப்பட்டுவிட்டன. தொடர்ந்து படிப்போர்க்கு அவற்றை நினைவூட்ட வேண்டியதில்லை. இவ்வாரம் பயணியரின் சீற்றத்தைப் பற்றி எழுதப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தச் சீற்றம் எங்கே முளைக்கிறது என்று தேடிப் போனால் அது மறுபடியும் கதவடியிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. இத்தொடர் கதவை விட்டு நகர மறுக்கிறது என்று குறைகூறுவோர் இவ்வாரமும் பொறுத்தருள வேண்டும்.

பயணியரோடு பணியாளர் மிகுதியாக மல்லுக்கட்ட நேர்வது வானத்திலன்று, தரையில்தான். தலைக்கு மேலுள்ள பெட்டியில் இடமில்லாமல் கைப்பையோடு நடைபாதையை மறித்து நிற்பவர், கைக்குழந்தையோடு வந்தும் கணவனுக்கு வேறொரு வரிசையில் இடம் விழுந்துவிட்ட பெண், சன்னலோர இருக்கையை விட்டுத்தர மறுக்கும் இளைஞர், சக்கர நாற்காலியில் அழைத்துவரப்பட்ட முதியவர், அவரைத் தாண்டி ஓட முயலும் சிறுவர்கள் என அரைமணிக்கும் குறைவான பொழுதுக்குள் நூற்றைம்பது பேருடைய வழக்குகளைத் தீர்த்து வைக்க வேண்டிய கட்டம் அது. இத்தனையும் சம்பளக் கணக்குக்கு வெளியே நடந்துவந்தன. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 2022 ஜூன் மாதத்தில்தான், அதுவும் வழக்கமான மணிக்கூலியில் பாதி என்ற அளவில், பயணியர் ஏறும் நேரத்துக்கு ஊதியம் தரத் தொடங்கியது. கனடாவில் 2025 ஆகஸ்ட் 16 அன்று ஏர் கனடாவின் பணியாளர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, தரையில் செய்யும் வேலைக்கும் ஊதியம் வேண்டும் என்பதே அவர்களின் தலையாய கோரிக்கைகளில் ஒன்றாயிருந்தது. வேலைக்குத் திரும்பும்படி அரசு பிறப்பித்த ஆணையையும் மீறி நின்று, மூன்று நாள்களில் அவர்கள் உடன்பாட்டுக்கு வந்தனர்.

இவ்வளவு நெருக்கடிக்கு நடுவிலும் வாசலில் நிற்கும் பணியாளர் ஒவ்வொருவரையும் முகம் பார்த்து வணங்குவது ஏன் என்ற வினா எழலாம். கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கும்பாவோடு நிற்பவரின் உபசாரம் போன்றதே அதுவும் என்று பயணியர் எடுத்துக்கொள்கின்றனர். உண்மையில் அது ஒரு பரிசோதனை. வணக்கத்துக்கு மறுமொழி குழறி வருகிறதா, மூச்சில் மது நெடி அடிக்கிறதா, முகம் வெளிறி வியர்த்திருக்கிறதா, நடக்கும்போது கால் தடுமாறுகிறதா என்பவற்றை அந்த இரண்டு மூன்று விநாடிகளில் பணியாளர் கணித்துக்கொள்கிறார். ஏறக்கூடாத நிலையில் இருப்பவரைக் கதவு திறந்திருக்கும்போதே இறக்கிவிடுவது எளிது; பறக்கத் தொடங்கிய பின் அதே வேலைக்கு ஒரு விமான நிலையத்தைத் தேடித் தரையிறங்க வேண்டியிருக்கும். ஐயத்துக்குரியவர்களை மட்டுமன்றி, உதவக்கூடியவர்களையும் அந்தக் கண் குறித்து வைத்துக்கொள்கிறது. விபத்து நேர்ந்தால் கதவருகே துணைநிற்கத் தக்க உடல்வலுவும் நிதானமும் உடையவரை ‘ஏபிபி’ என்னும் சுருக்கப் பெயரால் பணியாளர் குறிப்பர். தீயணைப்பு வீரர், படைவீரர், மருத்துவர், விடுமுறையில் பயணம் செய்யும் வேறொரு நிறுவனத்தின் பணியாளர் ஆகியோர் இவ்வகையினர். தம் தோளகலத்தை ஒருவர் அளந்து வைத்திருக்கிறார் என்பது அறியாமலேயே பலர் இருக்கையில் அமர்ந்து உறங்கிப்போகின்றனர்.

கதவைக் காத்து நிற்கும் இக்கடமை இத்தொழிலோடு கூடவே பிறந்தது. 1930 மே 15 அன்று போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் விமானத்தில் சான் பிரான்சிஸ்கோ பகுதியிலிருந்து சிகாகோ நோக்கிப் புறப்பட்ட எலன் சர்ச் என்னும் செவிலியே உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகக் கருதப்படுகிறார். வழியில் 13 இடங்களில் நின்று நின்று, ஏறத்தாழ 20 மணிநேரம் நீண்ட பயணம் அது. விமானம் ஓட்டக் கற்றிருந்த அவர் விமானி வேலையே கேட்டார். அது மறுக்கப்படவே, பறக்க அஞ்சும் பயணியருக்குச் செவிலியர் உடனிருந்தால் துணிவு பிறக்கும் என்று சொல்லி இந்த வேலையைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். அவரோடு சேர்த்து எண்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பெட்டி சுமப்பது, தரையிலிருந்து கழன்ற இருக்கைகளைத் திருகி முடுக்குவது, எரிபொருள் நிரப்ப உதவுவது, விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளிவிடுவது ஆகியவற்றோடு இன்னொன்றும் அவர்களின் கடமைப் பட்டியலில் இருந்தது: கழிவறைக்குப் போக எழும் பயணி தவறுதலாக வெளிக்கதவைத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது.

படிப்பவர்க்குச் சிரிப்பு வருமெனினும், அக்கால விமானத்தில் இது உயிர் போகும் செய்தி. உட்பகுதியில் காற்றழுத்தத்தைச் செயற்கையாகக் கூட்டிவைக்கும் பயணிகள் விமானம் 1940-இல்தான் சேவைக்கு வந்தது. எலன் சர்ச் காலத்து விமானத்தில் உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் நிலவியதால், கதவை எந்த உயரத்திலும் ஒரு மனிதரால் திறந்துவிட முடியும். இக்காலத்து ஜெட் விமானமோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது, அதன் உட்பகுதியில் சுமார் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையின் காற்றழுத்தத்துக்குக் குறையாத அழுத்தம் பேணப்படுகிறது. உள்ளிருந்து வெளிநோக்கித் தள்ளும் இந்த மிகையழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்கும் சற்று மேல், அதாவது சதுர மீட்டருக்கு ஐந்து டன்னுக்கும் மேல். பெரும்பாலான பயணிகள் கதவுகள் புட்டிக்குள்ளிருந்து இறுகிய அடைப்பானைப் போன்ற அமைப்புடையவை. சற்று உள்ளே நகர்ந்த பிறகே வெளியே திறப்பவை. ஆகவே எத்தகைய பலசாலியாலும் அந்த உயரத்தில் அவற்றை அசைக்க இயலாது.

தரையிலும் தரைக்கு அருகிலும் நிலைமை வேறு. 2018-இல் தில்லியிலிருந்து பாட்னா சென்ற விமானத்தில், முதல்முறையாகப் பறந்த ஒருவர் பின்கதவைக் கழிவறைக் கதவென எண்ணித் திறக்க முனைந்தார். 2019 ஜூன் மாதம் மான்செஸ்டரிலிருந்து இஸ்லாமாபாத் செல்லவிருந்த விமானம் தரையில் நின்றபோது, கழிவறையைத் தேடிய பயணி ஒருவர் அவசரகாலக் கதவைத் திறந்தேவிட்டார். கதவுகள் சாத்தப்பட்டதும் பணியாளர் அவற்றை ‘ஆர்ம்’ செய்வர். அதாவது, திறந்தவுடன் காற்று நிரம்பி விரியும் சறுக்குப் பாதையைக் கதவோடு இணைத்துவைப்பர். அந்தச் சறுக்குப் பாதை இஸ்லாமாபாத் விமானத்தின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு வெளியேறும் வழி பயனற்றுப் போனால் அதற்கேற்பப் பயணியர் எண்ணிக்கையையும் குறைத்தாக வேண்டும் என்பதால், ஏறத்தாழ நாற்பது பேர் இறக்கிவிடப்பட்டு, ஏழு மணிநேரத் தாமதத்தோடு அது கிளம்பியது. சென்னையில் 2022 டிசம்பர் 10 அன்று திருச்சிக்குப் புறப்படவிருந்த விமானத்தில் ஒரு பயணி அவசரகாலக் கதவைத் திறந்துவிட்டதும், அழுத்தச் சோதனைக்குப் பிறகே அது கிளம்பியதும் தமிழ் வாசகர் செய்தித்தாளில் படித்தவையே. 2023 மே 26 அன்று தென்கொரியாவின் தேகு நகரில் இறங்கவிருந்த ஏசியானா விமானத்தில், தரைக்கு மேல் இருநூறு மீட்டர் அளவில், ஒரு பயணி கதவைத் திறந்தேவிட்டார். அவ்வுயரத்தில் அழுத்த வேறுபாடு மிகக் குறைவு. எவரும் வெளியே விழவில்லை. அதன்பின் அவ்வகை விமானத்தில் அந்தக் கதவை எட்டித் தொடக்கூடிய இருக்கைகளை விற்பதை அந்நிறுவனம் நிறுத்திக்கொண்டது. எலன் சர்ச்சுக்கு இட்ட கட்டளை இன்னும் காலாவதியாகவில்லை.

திறக்கக்கூடாத கதவைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, திறந்தே ஆகவேண்டிய கதவை விட்டுவிட இயலாது. இவ்வாரம் இக்கட்டுரையின் இடத்தை விழுங்கியது அதுவே. 1985 ஆகஸ்ட் 22 அன்று மான்செஸ்டர் ஓடுபாதையில், கோர்ஃபு தீவுக்குப் புறப்பட்ட போயிங் 737 ஒன்றின் இடப்புற எஞ்சின் சிதைந்து தீப்பற்றியது. விமானம் தரையை விட்டு எழவே இல்லை. ஆயினும் உள்ளிருந்த 137 பேரில் 55 பேர் இறந்தனர். பெரும்பாலானோரைக் கொன்றது நெருப்பன்று, புகை. முன்பக்க வலக்கதவு முதல் முயற்சியில் சிக்கிக்கொண்டதும், நடைபாதையின் குறுகிய வாயிலில் மக்கள் நெருக்குண்டதும் பின்னர் வெளிப்பட்டன. அதற்கு முன் நடந்த வெளியேற்ற ஒத்திகைகளில் தன்னார்வலர்கள் வரிசை குலையாமல், ஒருவருக்கொருவர் வழிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தனர். புகைக்குள் அகப்பட்டவர் அப்படி இறங்குவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் வழியைக் கண்டவர் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் பணியாற்றிய உளவியலாளர் ஹெலன் மியூர். ஓரிடத்தில் நிறுத்தப்பட்ட டிரைடண்ட் விமானத்தில் தன்னார்வலர்களை ஏற்றி, முதலில் வெளியேறும் பாதிப் பேருக்கு ஆளுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகத் தரப்படும் என்று அவர் அறிவித்தார்.

ஐந்து பவுண்டு பெருந்தொகை அன்று. ஆனால் அது கண்ணியமான மனிதர்களை இருக்கைகளின் முதுகின் மேல் ஏறித் தாவவும், முன்னால் நிற்பவரை இழுத்துத் தள்ளவும், வாயிலில் தோளோடு தோள் அடைத்து எவரும் நகர முடியாமல் நிற்கவும் செய்துவிட்டது. பரிசுக்குப் போட்டியின்றி இறங்கியபோது போதுமானதாகத் தோன்றிய வாயில், போட்டி வந்ததும் அடைத்துக்கொண்டது. அதன் அகலம் 30 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது இச்சோதனைகளில் தெளிந்தது. உயிரச்சத்தின் நடத்தையை உயிருக்கு ஆபத்தின்றிச் சோதனைக்கூடத்துக்குள் வரவழைக்க ஒரு சிறு பணத்தாளே போதும் என்று கண்டதை, இருபதாம் நூற்றாண்டின் சிக்கனமான அறிவியல் யுக்திகளுள் ஒன்றாகவே வைக்கலாம்.

அதே கிரான்ஃபீல்டில் பின்னர் நடந்த சோதனைகள் பணியாளரின் நடத்தையைக் கருப்பொருளாக எடுத்துக்கொண்டன. கதவருகே நின்று உரத்த குரலில் ஆணையிட்டு, தயங்குவோரைக் கையால் பிடித்து வெளியே தள்ளும் பணியாளர் இருந்தபோது, அமைதியாக வழிகாட்டும் பணியாளர் இருந்தபோது கிட்டியதைவிட வேகம் கூடியது. கதவடியில் நின்று பணிவோடு வணங்கிய அதே மனிதர், தேவைப்படும் கணத்தில் மரியாதைச் சொல் ஏதுமின்றிக் கத்தவும் பயிற்றப்பட்டிருக்கிறார் என்பதை அவரிடம் தேநீர் வாங்கிக் குடிப்போர் அறிவதில்லை. ஒவ்வொரு முறை விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும், ஜம்ப் சீட் எனப்படும் மடக்கு இருக்கையில் அசையாமல் அமர்ந்திருக்கும் பணியாளர் ஓய்வெடுப்பதாகவே தோன்றும். எந்தக் கதவு, எந்தப் பக்கம், எந்தச் சொல், யார் துணை என்று அவர் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; ‘மௌன ஒத்திகை’ என்று இதனைச் சொல்லலாம்.

2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் அந்த ஒத்திகை பலித்தது. ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ350 விமானம், ஓடுபாதையிலிருந்த கடலோரக் காவற்படை விமானத்தின் மீது மோதித் தீப்பற்றியது. சிறு விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் இறந்தனர். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினர். எட்டு வழிகளில் மூன்று மட்டுமே பயன்பட்டன. ஒலிபெருக்கி அமைப்பும் உள்தொலைபேசியும் செயலிழந்த நிலையில், பின்புற இடக்கதவைத் திறக்கலாமா என விமானியைக் கேட்க வழியின்றி, வெளியே நெருப்பில்லை என்பதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, அக்கதவுக்குரிய பணியாளரே முடிவெடுத்துத் திறந்தார். கைப்பைகளை விட்டுவிட்டு வரும்படி இட்ட ஆணைக்குப் பயணியர் அடங்கினர் என்பதும் குறிப்பிடத்தக்கது. தலைக்கு மேலுள்ள பெட்டிக்காகச் சற்று முன்பு சண்டையிட்டவர்களும் அவர்களுள் இருந்திருக்கக் கூடும்.

இடம் முடிந்துவிட்டமையால் சீற்றம் அடுத்த இதழுக்குப் போகிறது. அதுவும் கதவிலிருந்து தப்பவில்லை: 1963-ஆம் ஆண்டின் தோக்கியோ உடன்படிக்கையின்படி, கலகம் செய்யும் பயணியைக் கட்டிவைக்கவும் இறக்கிவிடவும் தலைமை விமானி பெற்றுள்ள அதிகாரங்களுக்கு, வெளிக்கதவுகள் எல்லாம் மூடப்பட்டதிலிருந்து இறங்குவதற்காக ஏதேனும் ஒரு கதவு திறக்கப்படும் வரை விமானம் ‘பறப்பில்’ இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. கதவு திறந்திருக்கும்போது பணியாளரை அறைந்தவர் எந்தச் சட்டத்துக்குள் வருவார் என்பதும், தகாத சொல், உடல்வழித் தாக்குதல், உயிருக்கு ஆபத்து என இந்தியா 2017-இல் வகுத்த மூன்று படிநிலைகளும், அவற்றுக்குரிய மூன்று மாதம், ஆறு மாதம், இரண்டாண்டு அல்லது அதற்கும் மேற்பட்ட பறத்தல் தடைகளும் அங்கே விளக்கப்படும்.

(தொடரும்)