கொஞ்சம் மறந்த பிறகு கேளுங்கள்

தேர்வுக்கு முந்தைய இரவு பாடத்தை நான்கு முறை படித்த மாணவி மறுநாள் நன்றாகவே எழுதிவிடுகிறாள். ஒரு வாரம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால் விழிக்கிறாள். "ஒழுங்காகப் படிக்கவில்லை" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். நினைவைப் பற்றிய ஆய்வுகளோ வேறொரு குறையைச் சுட்டுகின்றன: படித்ததை அவள் ஒருமுறைகூடப் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்துப் பார்க்கவில்லை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் இதை அளந்து காட்டினார்கள். கல்லூரி மாணவர்களிடம் சூரியனைப் பற்றி ஒன்றும் கடல் நீர்நாயைப் பற்றி ஒன்றுமாக இரண்டு சிறு கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒன்றை 7 நிமிடம் படித்து, மறுபடியும் 7 நிமிடம் படிக்க வேண்டும். மற்றதை ஒருமுறை படித்துவிட்டு, நினைவில் நின்றதை வெற்றுத்தாளில் எழுத வேண்டும். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இருமுறை படித்த கட்டுரையில் 81 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடம் கணக்கு தலைகீழானது: இருமுறை படித்தது 42, எழுதிப் பார்த்தது 56.

அடுத்த சோதனையில் நான்கு முறையும் படிக்க மட்டுமே செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் 40 சதவீதம்தான் மிஞ்சியது. ஒருமுறை படித்து மூன்று முறை எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் யார் தெரியுமா? நான்கு முறை படித்தவர்கள்! திரும்பத் திரும்பப் பார்த்த வரி பழகிப்போகிறது. பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது.

எழுதிப் பார்ப்பது ஏன் உதவுகிறது? புதிய செய்தி மூளையில் நிலைக்க ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி வேண்டும். 1953இல் வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சையில் அதில் கணிசமான பகுதியை இழந்த ஹென்றி மொலைசன், சிறுவயதுச் சம்பவங்களைச் சொல்வார். சற்றுமுன் சந்தித்தவரை மறந்துவிடுவார். புதிதாகப் பதிவது ஒன்று, காலப்போக்கில் மூளையின் மேற்புறணியில் ஊன்றுவது வேறொன்று என்பது இதிலிருந்து தெரிய வந்தது. ஒன்றை முயன்று நினைவுகூரும்போது அதைத் தாங்கும் நரம்பணுக்களின் தொகுப்பு மறுபடி இயங்குகிறது. அந்த முயற்சியே நினைவை வலுவாக்குகிறது.

ஆய்வகத்தில் நடப்பது வகுப்பில் நடக்குமா? 2006 முதல் ரோடிகரின் குழு இல்லினாய் மாநிலம் கொலம்பியாவில் உள்ள நடுநிலைப் பள்ளியில் சோதித்துப் பார்த்தது. ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் பாடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பகுதிக்கு மட்டும் சிறு வினாக்கள்: பாடத்துக்கு முன், பாடம் முடிந்ததும், தேர்வுக்கு முந்தைய நாள். பிள்ளைகள் கையிலிருந்த கருவியில் பொத்தானை அழுத்தி விடையளித்தார்கள். சரியான விடை உடனே திரையில் வரும். மதிப்பெண் கிடையாது. எந்தப் பகுதியிலிருந்து கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடக் கூடாதென்பதால் ஆசிரியர் அந்தச் சில நிமிடங்களுக்கு வெளியே போய்விடுவார். வேறு சில பகுதிகளை, கேள்வியாக்காமல், மறுவாசிப்புக்கு வாக்கியங்களாகவே காட்டினார்கள். தேர்வில் மறுவாசிப்பால் பயனில்லை. வினாக்களால் பயன் இருந்தது. எட்டாம் வகுப்பு அறிவியலிலும் அப்படியே: வினா கேட்ட பகுதிகளில் சராசரி 92 சதவீதம், கேட்காதவற்றில் 79.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். உளவியலாளர் நிக்கோலஸ் செபேடா குழுவின் 2008 ஆய்வுப்படி, ஒரு வாரம் நினைவிருக்க வேண்டியதை ஒரு நாள் இடைவெளியிலும், ஓராண்டு நிற்க வேண்டியதைச் சுமார் மூன்று வார இடைவெளியிலும் மறுபடி தொடுவது நல்லது. கொஞ்சம் மறந்திருக்க வேண்டும். முழுதும் மறந்திருக்கக் கூடாது.

நம் வகுப்புகளில் 'ஸ்லிப் டெஸ்ட்' புதிதல்ல. ஆனால் அது மதிப்பெண் பதிவேட்டுக்காகவும், நேற்று நடத்திய பாடத்துக்காகவும் மட்டுமே வைக்கப்படுகிறது. நேற்றைய கேள்வி இரண்டு, போன மாதத்துக் கேள்வி ஒன்று, விடையை அங்கேயே சரிபார்ப்பது, மதிப்பெண் போடாமல் விடுவது: மாற்றம் இவ்வளவுதான். இதற்குக் கருவியும் வேண்டாம். பழைய நோட்டின் பின்பக்கம் போதும். ஆரம்பத்தில் பிள்ளைகள் திணறுவார்கள், வகுப்பு முன்பைவிட மோசமானதுபோலத் தோன்றும். அங்கே பொறுமையிழந்து பாடத்தைத் திரும்ப வாசித்துக் காட்டிவிடாத ஆசிரியருக்குத்தான் பலன்.